ஒரு சில குழந்தைகளுக்காக மூன்று இலட்சம் பேரின் குருதி

(உலக எயிட்ஸ் நாளையொட்டி யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் வாசிகசாலை மண்டபத்தில் ஆற்றிய உரை)



எனக்கு அனுப்பிய கடிதத்தில் தலைப்பு 'ஆபிரிக்க நாடுகளில் தாயிடமிருந்து சேய்க்கு எச்.ஐ.வி. பரவுதலைத் தடுத்தல்' என்று இருந்தது. தலைப்பைத் தெரிவுசெய்தவர்களின் மனம் எனக்கு விளங்குகிறது. எயிட்சைப் பற்றிப் பேசத்தான் வேண்டும், ஆனால் அது ஆபிரிக்காவிலேயே இருக்கட்டும்! ஆபிரிக்காவைப் பற்றியும் பேசுவேன். அந்தத் தாய்மாரை வைத்துத்தான் உலகம் இந்த விடயத்தைப் படித்தது. ஆனால் பேச்சை எங்கள் படலையடியில் தொடங்க விடுங்கள்.

2019ஆம் ஆண்டு உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்கு ஒரு சான்று கொடுத்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிஸ் என்கிற மேகநோயும் தொற்றுவதை இந்த நாடு ஒழித்துவிட்டது என்பதுதான் அதில் இருந்த செய்தி. உலகத்தில் முதன்முதல் இதைப் பெற்றது கியூபா, 2015இல். எங்கள் பக்கத்தில் தாய்லாந்து 2016இல் பெற்றது. மாலைதீவு 2019இல் சில மாதங்கள் எங்களை முந்திக்கொண்டது. அந்த ஆண்டு ஏப்ரலில் தேவாலயங்களில் குண்டு வெடித்தது, நவம்பரில் சனாதிபதித் தேர்தல் வந்தது. அந்தப் பரபரப்பில் இப்படியொரு செய்தியைக் காதில் போட்டுக்கொள்ள எவருக்கும் நேரம் இருக்கவில்லை. எங்கள் ஊர்களில் அதைப் பற்றிப் பேசியவர்கள் மிகக் குறைவு. கிரிக்கெட்டில் ஒரு கிண்ணம் வென்றிருந்தால் வெடி கொளுத்தியிருப்போம்.

'ஒழித்தல்' என்றால் ஒரு பிள்ளைக்கும் வராது என்று பொருள் கொள்ளக்கூடாது. அதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறார்கள். உயிரோடு பிறக்கும் ஒரு இலட்சம் பிள்ளைகளில் தொற்றோடு பிறப்பவர்கள் 50க்கு மேல் போகக்கூடாது. தொற்றுள்ள தாய்மாரின் பிள்ளைகளில் தொற்றுப் பெறுபவர்கள், தாய்ப்பால் கொடுக்கும் நாடுகளில் 5 வீதத்துக்கும், கொடுக்காத நாடுகளில் 2 வீதத்துக்கும் குறைவாக இருக்கவேண்டும். கர்ப்பிணிகளில் 95 வீதமானவர்கள் கிளினிக்குக்கு வந்திருக்கவேண்டும், 95 வீதமானவர்களுக்குப் பரிசோதனை நடந்திருக்கவேண்டும், தொற்று உள்ளவர்களில் 95 வீதமானவர்களுக்கு மருந்து கிடைத்திருக்கவேண்டும். சான்று கிடைத்தபோது இலங்கையின் நிலைமை என்னவென்றால், 2017இலிருந்து தாயிடமிருந்து எச்.ஐ.வி. பெற்ற ஒரு பிள்ளைகூடப் பதிவாகவில்லை. பிறவிச் சிபிலிஸ் ஒரு இலட்சத்துக்கு இரண்டு.

இந்தத் தொற்றுப் போகும் வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வழிகள் மூன்று: கருவில் இருக்கும்போது, பிரசவத்தின்போது, தாய்ப்பால் வழியாக. எந்தத் தடுப்பும் செய்யாமல் விட்டால், தொற்றுள்ள நூறு தாய்மாரின் பிள்ளைகளில் 15 முதல் 45 பேர் வரை தொற்றோடு வளர்வார்கள். பாலூட்டும் காலம் நீள நீள எண்ணிக்கை ஏறும். இதை மறுபக்கமாகவும் பாருங்கள்: ஒன்றுமே செய்யாவிட்டாலும் பாதிக்கு மேற்பட்ட பிள்ளைகள் தப்பிவிடுகிறார்கள். தாயின் குருதியில் வைரசு எவ்வளவு குறைவோ, பிள்ளைக்குப் போகும் வாய்ப்பும் அவ்வளவு குறைவு. தாய் நாள்தோறும் மருந்து எடுத்து, வைரசைப் பரிசோதனையில் அகப்படாத அளவுக்குக் கீழே இறக்கிவிட்டால், பிள்ளைக்குத் தொற்றும் வாய்ப்பு நூற்றுக்கு ஒன்றுக்கும் கீழே போய்விடும். பிள்ளைக்கும் பிறந்த உடனே சில கிழமைகள் மருந்து கொடுப்பார்கள். பிறகு பிள்ளையின் குருதியில் வைரசே இருக்கிறதா என்று பார்க்கும் பி.சி.ஆர். சோதனை நடக்கும். சாதாரணச் சோதனை இங்கே உதவாது. தாயின் எதிர்ப்புச் சத்து பிள்ளையின் உடம்பில் பதினெட்டு மாதம் வரையும் தங்கியிருந்து, தொற்று இல்லாத பிள்ளையையும் தொற்று உள்ளதாகக் காட்டிவிடும்.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வொன்று, 1994இல், சிடோவுடின் என்ற மருந்தைத் தாய்க்கும் பிள்ளைக்கும் கொடுத்தால் தொற்று 25.5 வீதத்திலிருந்து 8.3 வீதத்துக்கு இறங்கும் என்று காட்டியது. பெரிய கண்டுபிடிப்பு. ஆனால் மாதக்கணக்காக மருந்து எடுக்கவேண்டும், பிரசவ நேரத்தில் நரம்பு வழியாக ஏற்றவேண்டும். விலையோ ஆபிரிக்க நாடு ஒன்றின் சுகாதார வரவுசெலவில் எந்தப் பக்கத்திலும் எழுத முடியாத விலை. 1999இல் உகண்டாவின் கம்பாலாவில் இருந்து இன்னொரு முடிவு வந்தது. பிரசவ வலி தொடங்கும்போது தாய்க்கு நெவிரபின் குளிசை ஒன்று. பிறந்து மூன்று நாளுக்குள் பிள்ளையின் வாயில் ஒரு தடவை அதே மருந்து. அவ்வளவுதான். ஒப்பிட்டுப் பார்த்த குறுகிய காலச் சிடோவுடின் சிகிச்சையில் 25 வீதமான பிள்ளைகளுக்குத் தொற்றியது. நெவிரபினில் அது 13 வீதம். ஒரு குளிசையும் ஒரு வாய் மருந்தும் பாதிப் பிள்ளைகளைக் காப்பாற்றின. முலாகோ வைத்தியசாலையின் பிரசவ விடுதியில் பங்கெடுத்த அந்த உகண்டாத் தாய்மாருக்கு இந்த உலகம் பட்ட கடன் பெரியது. அவர்களில் ஒருவரின் பெயரும் எங்களுக்குத் தெரியாது.

மருந்து மலிவானால் எல்லாம் சரி என்று நினைப்பவர்களுக்குத் தென்னாபிரிக்காவைக் காட்டவேண்டும். 2000ஆம் ஆண்டில் நெவிரபினைத் தயாரித்த நிறுவனமே ஐந்து ஆண்டுக்கு இலவசமாகத் தருகிறோம் என்றது. சனாதிபதி தாபோ உம்பெக்கியின் அரசாங்கம் மாகாணத்துக்கு இரண்டு இடத்தில் மட்டும் கொடுத்துப் பார்ப்போம் என்று நின்றது. எச்.ஐ.வி.தான் எயிட்சுக்குக் காரணமா என்று நாட்டின் தலைவரே சந்தேகம் கிளப்பிக்கொண்டிருந்த காலம் அது. 2000 யூலையில் டேர்பனில் நடந்த உலக எயிட்ஸ் மாநாட்டு மேடையில் நிக்கோசி ஜோன்சன் என்ற பதினொரு வயதுப் பையன் ஏறினான். தாயிடமிருந்து தொற்றுடன் பிறந்தவன். கர்ப்பிணித் தாய்மாருக்கு மருந்து கொடுங்கள் என்று அரசாங்கத்தைக் கேட்டான். அடுத்த ஆண்டு யூன் முதலாம் நாள் இறந்துபோனான். சிகிச்சைக்கான இயக்கம் ஒன்று வழக்குப் போட்டது. 2002 யூலை 5ஆம் நாள் அந்நாட்டு அரசியலமைப்பு நீதிமன்றம், மருந்தை எல்லா அரச வைத்தியசாலைகளிலும் கொடுக்கத்தான் வேண்டும் என்று தீர்ப்பளித்தது. ஒரு குளிசையைத் தாயின் கையில் வைக்க நாட்டின் அதியுயர் நீதிமன்றம் வரை போகவேண்டியிருந்தது.

விலையைப் பற்றிச் சொல்லும்போது எங்கள் அயல்நாட்டையும் சொல்லவேண்டும். எயிட்ஸ் நோயாளி ஒருவருக்கான கூட்டு மருந்து மேற்கு நாட்டுக் கம்பனிகளிடம் ஆண்டுக்குப் பத்தாயிரம் டொலருக்கு மேல் விற்றது. 2001 பெப்ரவரியில் மும்பாயின் சிப்லா நிறுவனத்தின் யூசுப் ஹமீத், அதே மருந்தை 350 டொலருக்குத் தருவேன் என்றார். நாளுக்கு ஒரு டொலரும் இல்லை. ஆபிரிக்காவில் எயிட்ஸ் சிகிச்சையின் கதை அந்த அறிவிப்போடு வேறொரு பாதையில் போனது. இந்தியாவில் முதன்முதல் எச்.ஐ.வி. கண்டுபிடிக்கப்பட்டதும் எங்களுக்கு அருகில்தான். 1986இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் வைத்தியர் சுனிதி சொலமனும் அவருடைய மாணவி செல்லப்பன் நிர்மலாவும் கண்டுபிடித்தார்கள். இலங்கையர் ஒருவரிடம் முதலில் கண்டது அதற்கடுத்த ஆண்டு, 1987இல்.

இனிப் பொட்ஸ்வானா. தென்னாபிரிக்காவுக்கு வடக்கே, சனத்தொகை எங்கள் வடமாகாணத்தைப்போல் இரண்டு மடங்கு அளவான நாடு. 2000ஆம் ஆண்டையொட்டி அங்கே கிளினிக்குக்கு வந்த கர்ப்பிணிகளில் மூவரில் ஒருவருக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தது. எங்கள் கிளினிக்கின் வாங்கில் இருக்கும் தாய்மாரை மனத்தில் வைத்து அந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 1999இல் தாய் சேய்த் தடுப்புத் திட்டத்தைத் தொடங்கினார்கள். 2002இல் எல்லோருக்கும் இலவச மருந்து. 2004இலிருந்து வைத்தியசாலைக்கு வருகிறவர்கள் மறுத்தால் ஒழிய, பரிசோதனை வழமையாகவே நடக்கும் என்று ஆக்கினார்கள். வைரத்தில் வந்த பணம் இருந்தது, அதைத் திருடாமல் செலவழித்த அரசாங்கமும் இருந்தது. இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். 2021இல் உலக சுகாதார நிறுவனம் பொட்ஸ்வானாவுக்கு வெள்ளித் தரச் சான்று கொடுத்தது. தொற்று மிகுந்த நாடுகளில் அந்த நிலைக்கு முதலில் வந்தது அதுதான். தொற்றுள்ள தாய்மாரின் பிள்ளைகளில் தொற்றுப் பெறுபவர்கள் நூற்றுக்கு இரண்டு என்ற அளவுக்கு இறங்கிவிட்டார்கள்.

எங்கள் கணக்கு நேர் எதிர்த் திசையில் கடினமானது. இலங்கையில் வளர்ந்தவர்களில் எச்.ஐ.வி. உள்ளவர்கள் 0.1 வீதத்துக்கும் குறைவு. சான்று கிடைத்த 2019இல் நாட்டில் மூன்று இலட்சத்துக்கு மேல் பிள்ளைகள் பிறந்தன. அத்தனை தாய்மாரிலும் தொற்றுள்ளவர்கள் மிகச் சிலர். அந்தச் சிலர் யார்? முகத்தில் எழுதியிருக்காது. படித்தவரா, ஏழையா, கடற்கரை ஊரா, தோட்டக்காணி ஊரா, எந்தக் கோயிலுக்குப் போகிறவர் என்று பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. 'சந்தேகமான' பெண்களை மட்டும் சோதித்தால் போதும் என்று தொடக்கத்தில் பல நாடுகள் நினைத்தன. அது அறிவியலாகவும் பிழை, அறமாகவும் பிழை. அப்படிச் செய்தால் சோதனைக்குப் போவதே அவமானம் ஆகிவிடும், ஒருத்தியும் போகமாட்டாள். மூன்று இலட்சம் பேரிடமும் எடுத்தால் ஒருவருக்கும் கூச்சம் இல்லை. ஒரு சில பிள்ளைகளைக் காப்பாற்ற மூன்று இலட்சம் தாய்மார் கையை நீட்டினார்கள். பெரும்பாலானவர்களுக்கு எதற்காக நீட்டினோம் என்பதுகூட நினைவிருக்காது. என் மட்டில் இதைவிடப் பெரிய பொதுத்தொண்டு இந்த நாட்டில் அண்மைக் காலத்தில் நடக்கவில்லை.

இதைச் செய்து முடித்தது எந்தப் பெரிய இயந்திரமும் இல்லை. உங்கள் ஊருக்கு ஸ்கூட்டியில் வருகிற மருத்துவிச்சிதான். அரசாங்கம் குடும்பநல உத்தியோகத்தர் என்று சொல்லும். ஏறக்குறைய மூவாயிரம் பேருக்கு ஒருவர் என்பது ஏற்பாடு. கலியாணம் முடித்த பெண்ணின் பெயர் அவருடைய பதிவேட்டில் இருக்கும். வயிற்றில் பிள்ளை என்று தெரிந்து சில கிழமைக்குள் அவர் வீட்டுக்கு வந்துவிடுவார். இந்த முறைக்கு அடித்தளம் 1926இல் களுத்துறையில் தொடங்கிய முதல் சுகாதாரப் பிரிவு. அங்கிருந்து நாடு முழுவதும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைகள் பரவின. கர்ப்பிணியின் குருதியைச் சிபிலிசுக்காகச் சோதிப்பது எச்.ஐ.வி. இந்த நாட்டுக்கு வருவதற்குப் பல ஆண்டு முன்பே எங்கள் கிளினிக்குகளில் வழக்கம். எச்.ஐ.வி.க்கு என்று புதிதாக ஒரு கட்டடமும் கட்டவில்லை, புதிதாக ஒரு நாளும் குறிக்கவில்லை. ஏற்கெனவே எடுக்கும் அந்தக் குருதியிலேயே இன்னொரு சோதனையைச் சேர்த்தார்கள். அதில்தான் இருக்கிறது முழுக் கெட்டித்தனமும்.

குடாநாட்டில் இருக்கும் எங்களுக்கு இதில் ஒரு சொந்தப் பெருமையும் உண்டு. மானிப்பாயில் சாமுவேல் கிறீன் 1850களிலேயே பிரசவ மருத்துவத்தைத் தமிழில் அச்சிட்டார். தமிழிலேயே வைத்தியம் படிப்பித்து ஊர்ப் பிள்ளைகளை வைத்தியர்களாக்கினார். பெண்களுக்கென்றே இணுவிலில் ஒரு மிசன் வைத்தியசாலை எழுந்தது. பிள்ளைப்பேற்றுக்கு வைத்தியசாலைக்குப் போவது எங்கள் பாட்டிமாருக்கே பழக்கமாகிவிட்டது. போர்க்காலத்தையும் யோசியுங்கள். 1990இலிருந்து குடாநாட்டில் மின்சாரம் இல்லை, மருந்துக்கும் எரிபொருளுக்கும் தடை, பெரியாஸ்பத்திரி செஞ்சிலுவைச் சங்கத்தின் பாதுகாப்பில் இருந்தது. 1995 ஒக்ரோபர் 30இல் ஊரே எழும்பி இடம்பெயர்ந்து நடந்தது. அந்த ஆண்டுகளிலும் தாய்மார் பதிவு நின்றுவிடவில்லை. தடுப்பூசி போடும் நாளைத் தவறவிடாத தாய்மார் இருந்தார்கள். சிமிழ் விளக்கு வெளிச்சத்தில் பிரசவம் பார்த்த மருத்துவிச்சிமார் இருந்தார்கள். போர் முடிந்தபோது இடிந்த கட்டடத்தைத்தான் திரும்பக் கட்டவேண்டியிருந்தது, பழக்கம் இடியவில்லை. பல ஆபிரிக்க நாடுகள் மருந்து வந்த பிறகும் தடுமாறியது இந்த இடத்தில்தான். மருந்தைக் கப்பலில் அனுப்பலாம். தாயை மூன்றாம் மாதத்துக்குள் கிளினிக்குக்கு வரப்பண்ணும் நம்பிக்கை கப்பலில் வராது.

சோதனை செய்வது மட்டும் போதுமா? போதாது. இதற்கு ஒரு கொடிய உதாரணம் தமிழ்நாட்டில் நடந்தது. 2018 டிசெம்பர் தொடக்கத்தில் விருதுநகர் மாவட்டம் சாத்தூர் அரச மருத்துவமனையில் குருதிச்சோகையோடு வந்த ஒரு கர்ப்பிணிக்குக் குருதி ஏற்றினார்கள். அந்தக் குருதியில் எச்.ஐ.வி. இருந்தது. கொடுத்தவர் பத்தொன்பது வயது இளைஞர். தன் உறவினர் ஒருவருக்காகக் கொடுத்தது சிவகாசிக் குருதி வங்கியில் இருந்து வேறொருவருக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது. வெளிநாட்டு வேலைக்கு மருத்துவச் சோதனை செய்யப் போனபோதுதான் தனக்குத் தொற்று இருப்பது அவருக்கே தெரிந்தது. தெரிந்தவுடன் அவர் செய்தது, மருத்துவமனைக்குத் தானே போய், என் குருதியைப் பயன்படுத்திவிடாதீர்கள் என்று சொன்னது. அதற்குள் ஏற்றியாகிவிட்டது. விசாரணையில் வெளிவந்தது இன்னும் மோசம்: 2016இல் அவர் குருதி கொடுத்தபோதே தொற்று கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அவரிடம் ஒருவரும் சொல்லவில்லை. பதிவேட்டில் இரண்டு ஆண்டு தூங்கியிருக்கிறது. அந்த இளைஞர் நஞ்சு குடித்து, அந்த டிசெம்பர் மாதக் கடைசியில் மதுரையில் இறந்துபோனார். அந்தத் தாய்க்கு உடனே மருந்து தொடங்கினார்கள். 2019 சனவரியில் மதுரை இராசாசி மருத்துவமனையில் பெண்பிள்ளை பிறந்தது. பிள்ளைக்குத் தொற்று இல்லை என்று சோதனைகள் காட்டின.

இந்த நிகழ்ச்சியைப் பற்றிப் பேசுகிறவர்கள் மருத்துவமனையின் அசட்டையைத்தான் சொல்வார்கள். சொல்லத்தான் வேண்டும். நான் அந்த இளைஞரைப் பற்றி நினைக்கிறேன். ஒரு தாயையும் பிள்ளையையும் காப்பாற்ற முன்வந்து உண்மையைச் சொன்னவர் அவர் ஒருவர்தான். சொன்னதற்கு ஊரும் ஊடகமும் அவருக்குக் கொடுத்தது என்ன? மருந்தால் அந்தப் பிள்ளையைக் காப்பாற்ற முடிந்தது. அவரைக் காப்பாற்ற ஒருவரும் இல்லை. எங்கள் நாட்டிலும் குருதி ஏற்றிய வழியில் தொற்றுக்கு ஆளாகி, அதைப் பகிரங்கமாகச் சொன்ன ஒருவர் இருந்தார்: வைத்தியர் கமலிகா அபேரத்ன. குழந்தை மருத்துவர். 1995இல் விபத்தில் காயப்பட்டுக் குருதி ஏற்றியபோது வந்த தொற்று. மறைக்காமல் முன்னுக்கு வந்து, தொற்றுள்ளவர்களின் உரிமைக்காகக் கடைசிவரை பேசினார். வைத்தியராக இருந்த அவருக்கே அது இலகுவாக இருக்கவில்லை.

அப்படியென்றால் எங்கள் ஊரில் ஓர் இளம்பெண்ணுக்கு? ஒரு தாய்க்குத் தொற்று இருப்பதாகக் கர்ப்பகாலச் சோதனையில் தெரியவருகிறது என்று வையுங்கள். மருந்து இலவசம். பெரும்பாலும் நாளுக்கு ஒரு குளிசை. வைத்தியர்கள் இருக்கிறார்கள். வைத்திய முறையில் இது இன்று கையாளக்கூடிய ஒரு நிலைமை, அவ்வளவுதான். அவளுடைய கஷ்டம் வீட்டுக்குள் தொடங்கும். எங்கள் வீடுகளைத் தெரியும்தானே. பிள்ளை பிறந்தால் மாமி, பெரியம்மா, சித்தி, பக்கத்து வளவு அக்கா என்று எல்லோரும் வந்து நிற்பார்கள். சரக்கு அரைப்பார்கள், பத்தியம் வைப்பார்கள், 31ஆம் நாள் துடக்குக் கழிக்கும் வரையும் அந்த அறையில் ஒரு நிமிடமும் அவள் தனியாக இருக்கமாட்டாள். அவ்வளவும் அன்புதான். ஆனால் அந்த அன்புக்கு நடுவில் அவள் தன் குளிசையை எங்கே ஒளிப்பாள்? பிள்ளைக்குக் கொடுக்கிற மருந்தை என்னவென்று சொல்வாள்? "என்ன பிள்ளை, பால் குடுக்கேல்லையோ?" என்ற கேள்விக்கு என்ன பதில்?

பால் விடயம் கொஞ்சம் விரிவாகப் பார்க்கவேண்டியது. மாப்பால் கொடுத்தால் தாய்ப்பால் வழியான தொற்று இல்லை. கேட்க இலகுவான தீர்வு. பொட்ஸ்வானா அதைத்தான் செய்தது. தொற்றுள்ள தாய்மாருக்கு அரசாங்கம் இலவசமாகப் பால்மா கொடுத்தது. 2006 தொடக்கத்தில் அங்கே கடும் மழை, வெள்ளம், தண்ணீர் கெட்டது. பச்சிளம் பிள்ளைகளிடையே வயிற்றோட்டம் பரவிப் பெருந்தொகையாக இறந்தன. இறந்த பிள்ளைகளில் மிகப் பெரும்பாலானவை தாய்ப்பால் குடிக்காதவை. எச்.ஐ.வி.யில் இருந்து காப்பாற்றிய பிள்ளையைப் போத்தல் கொன்றது. 2010இல் உலக சுகாதார நிறுவனம் வழிகாட்டலை மாற்றியது: தாயோ பிள்ளையோ மருந்து எடுத்துக்கொண்டிருந்தால் தாய்ப்பால் கொடுக்கலாம், சுத்தமான நீரும் வசதியும் உள்ள நாடுகள் தமக்கேற்ற வழியைத் தெரிவுசெய்யலாம். நாங்கள் வசதியுள்ள பக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். வலிகாமத்துக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று அளவுக்கு மேல் இருப்பதை ஆய்வுகள் பலமுறை காட்டியிருக்கின்றன. சுண்ணக்கல் நிலம், மேலே வெங்காயமும் உருளைக்கிழங்கும், அதற்குப் போடும் உரம், பக்கத்திலேயே மலசலகூடக் குழி. கொதிக்கவைத்தால் கிருமி சாகும், நைத்திரேற்று போகாது. தண்ணீர் வற்ற வற்ற அது கூடத்தான் செய்யும். அந்தத் தண்ணீரில் கரைத்த மாப்பால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளையின் குருதிக்குக் கேடு. ஆகவே தொற்றுள்ள தாய் எந்தப் பால் கொடுக்கிறது, எந்தத் தண்ணீரில் கரைக்கிறது என்பதை அவளும் வைத்தியரும் இருந்து பேசித் தீர்மானிக்கவேண்டும். மாமியும் பக்கத்து வீடும் சேர்ந்து தீர்மானிக்கிற விடயம் இது இல்லை.

அந்தப் பெண்ணுக்குக் கேள்விகளைத் தாங்கிப் பிடிக்க ஓர் ஆள் வேண்டும். 'வைத்தியர் அப்படிச் சொல்லியிருக்கிறார், தாய்க்கு வேறொரு மருந்து போகிறது' என்று மாமிக்கு நிதானமாகச் சொல்லிவிட்டுப் போக ஒரு வெளியாள் வேண்டும். அவள் நம்பியிருக்கிற சுகாதார உத்தியோகத்தர் செய்யக்கூடிய வேலை அது. தெரிய வேண்டியவர்களுக்கு மட்டும் தெரிந்து, ஊருக்குத் தெரியாமல் காக்கப்பட்ட ஒவ்வொரு பெயருக்கும் நாடு பெற்ற சான்றில் பங்கு உண்டு. ஒரு பெயர் வெளியே வந்தால், அடுத்த பத்துப் பெண்கள் கையை நீட்ட யோசிப்பார்கள்.

இனி ஆண்களைப் பற்றி. இது கொஞ்சம் கசக்கும்.

கர்ப்பகாலச் சோதனையில் எல்லாப் பாரமும் பெண்ணின் கையில். அவளைச் சோதித்துவிட்டு வீட்டுக்கு அனுப்புகிறோம். அவளுக்கு அந்தத் தொற்று எங்கிருந்து வந்திருக்கும்? எங்கள் சமூகத்தில் பெரும்பாலான மனைவிமாருக்கு ஒரு வழிதான் இருக்கிறது. ஆனால் வீட்டில் முதலில் சோதனை முடிவு தெரியவருவது அவளுடையது என்பதால் குற்றமும் அவள் தலையில் விழுகிறது. 'வந்த மருமகள் கொண்டுவந்துவிட்டாள்.' இன்னொன்றும் உண்டு. மூன்றாம் மாதத்தில் எடுத்த குருதியில் தொற்று இல்லை என்றால் ஒன்பதாம் மாதத்திலும் இல்லை என்பதற்கு உத்தரவாதம் இல்லை. நடுவில் கணவனிடமிருந்து தொற்றினால், புதிய தொற்றில் வைரசு மிக அதிகமாக இருக்கும். பிள்ளைக்குப் போகும் ஆபத்து அப்போதுதான் ஆகக் கூட. இந்த ஓட்டையை அடைக்கத் தாயை இன்னும் நாலு தடவை குத்தினால் மட்டும் போதாது, கணவனையும் சோதிக்கவேண்டும்.

இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் எங்கள் ஆட்கள் ஒரு பட்டியல் வைத்திருப்பார்கள்: வெளிநாட்டில் இருந்து வந்தவன், கொழும்பில் வேலை செய்தவன், இந்தியாவில் இருந்து திரும்பி வந்தவன், ஆமிக்காரன். வருத்தம் எப்போதும் வெளியில் இருந்துதான் வரவேண்டும், நாங்கள் எப்போதும் சுத்தம். இது சௌகரியமான கதை, உண்மை இல்லை. இலங்கை முழுவதும் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டவர்களின் எண்ணிக்கை 2022இலும் 2023இலும் அறுநூறைத் தாண்டியது. அவர்களில் மிகப் பெரும்பாலானவர்கள் ஆண்கள், இளைஞர்களும் நிறைய. இந்தக் கணக்கு ஏறிக்கொண்டு போனால், நாளைய கர்ப்பிணித் தாய்மாரின் கணக்கும் அதற்குப் பின்னால் ஏறும். இங்கே கலியாணத்துக்குச் சாதகத்தை நாலு சாத்திரியாரிடம் கொண்டுபோகிறோம். செவ்வாய் எங்கே நிற்கிறது என்று தெரியாமல் பந்தற்கால் ஊன்றமாட்டோம். மாப்பிள்ளையின் குருதியைச் சோதிப்போமா என்று எந்தத் தகப்பனும் வாய் திறந்து கேட்டதை நான் காணவில்லை. கேட்டால் சம்பந்தம் குழம்பிவிடும் என்ற பயம். இரண்டு பேரும் சேர்ந்து, ஒன்றாகப் போய்ச் செய்வது என்று வழக்கமானால் அந்தப் பயத்துக்கு இடமில்லை.

கடைசியாக ஓர் எச்சரிக்கை. நாடு பெற்ற இந்தச் சான்று நிரந்தரமானது இல்லை. காலத்துக்குக் காலம் கணக்கைத் திரும்பப் பார்க்கிறார்கள். தரம் குறைந்தால் போய்விடும். 2022இல் நாடு வங்குரோத்து ஆனபோது வைத்தியசாலைகளில் மருந்து முடிந்தது. அதன் பிறகு எத்தனை வைத்தியர்களும் தாதியரும் விமானம் ஏறினார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அதில் இருப்பார்கள். 2025 சனவரியில் அமெரிக்கா தன் வெளிநாட்டு உதவியை நிறுத்தியபோது, 2003இலிருந்து அந்தப் பணத்தில் ஓடிய ஆபிரிக்கக் கிளினிக்குகள் பல ஒரே கிழமையில் ஆடிப்போயின. கொடுப்பவனின் மனம் மாறினால் என்ன ஆகும் என்பதை அவர்கள் எங்களுக்கு முன்பே படித்துவிட்டார்கள். எங்கள் மருத்துவிச்சியின் சம்பளம் எங்கள் அரசாங்கத்தின் சம்பளம். அது எங்கள் பலம். அந்தப் பதவிகளை வெறுமையாக விடாமல் நிரப்பு என்று கேட்பது எங்கள் வேலை. பாராளுமன்ற உறுப்பினர்கள் ஊருக்கு வரும்போது றோட்டுக்கும் வாய்க்காலுக்கும் மனுக் கொடுக்கிறோம். மருத்துவிச்சி இல்லாத பிரிவுக்கு ஒருவரைப் போடச் சொல்லியும் மனுக் கொடுங்கள்.

மனைவியைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிற தம்பிமாரிடம் ஒன்று கேட்கிறேன். வெளியே மோட்டார்சைக்கிளில் இருந்து ஃபோன் பார்த்துக்கொண்டிருக்காமல் உள்ளே போங்கள். என்னுடைய குருதியையும் சோதிக்கவேண்டும் என்று கேளுங்கள். அங்கே முடியாவிட்டால் யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையோடு சேர்ந்த பாலியல் நோய்ச் சிகிச்சை நிலையத்துக்குப் போங்கள். பரிசோதனை இலவசம், முடிவு உங்களுக்கு மட்டும், தொற்று இருந்தால் மருந்தும் இலவசம்.